வாழவந்தி பதில் சொன்னது

கம்ப்யூட்டர் திரையில் ஒரே மாதிரி வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடுவதைப் பார்த்து ஒருத்தி துள்ளிக் குதிப்பாளா என்று என்னைக் கேட்டால், தாராளமாகக் குதிப்பாள் என்பேன். நானே குதித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஏற்காட்டில், ஈரச் சாக்கு வாசனை அடிக்கும் ஒரு இருட்டு அறையில். குதித்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்து, அதன் ஒரு கால் உடைந்தே போனது. அந்த நாற்காலியை மேனேஜர் கடைசி வரை மாற்றித் தரவில்லை.

கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மெட்ராஸ் போ, பெங்களூர் போ என்று ஊரே சொன்னதைக் கேட்காமல் மலைக்கே திரும்பி வந்தவள் நான். அப்பா ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு இரண்டு பங்கும் சேர்ந்து வந்தது. அந்தக் கோபத்தோடு ஒரு சின்னக் காபிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

கம்பெனி வேலை எளிது. மலை விவசாயிகளிடம் காபி வாங்குவது, காயவைப்பது, தரம் பிரித்துக் கீழே சேலத்துக்கு அனுப்புவது. ஏற்காட்டில் எங்கள் ஆபீஸ், அதன் முன்னால் காபி காயப்போடும் பெரிய சிமெண்ட் களம். கிராமங்களில் இரண்டு டிப்போ. வாழவந்தி டிப்போவை வாரத்தில் ஒரு நாள்தான் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் அங்கே ஒரு மெஷின் மட்டும் பூட்டிய அறைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். செம்மநத்தம் டிப்போ தினமும் திறந்திருக்கும். அங்கே மூட்டையை எடை போட்டதும் எடை கம்ப்யூட்டரில் ஏறி, லைன் வழியாக எங்கள் ஆபீஸுக்கு வந்து, ரசீது அங்கேயே அச்சாகிவிடும். அதற்கு முன்பெல்லாம் அந்த விவசாயிகள் மூட்டையை பஸ் மேல் ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் பூராவும் காத்துக்கிடந்துவிட்டுப் போவார்கள்.

லைன் போன வழியை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். செம்மநத்தத்திலிருந்து ஏற்காட்டுக்கு நேராக லைன் கிடைக்கவில்லை. செம்மநத்தத்திலிருந்து வாழவந்திக்கு ஒரு லைன். வாழவந்தியிலிருந்து ஏற்காட்டுக்கு இன்னொரு லைன். அவ்வளவுதான்.

செம்மநத்தம் டிப்போவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது அந்த ஊர் அக்கா ஒருத்தர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிளஸ் டூ முடித்து, சேலத்தில் தங்கி டைப்பிங் படித்துவிட்டு வந்து, கல்யாணமாகி, சொந்த நிலத்தில் காபியும் ஆரஞ்சும் போட்டுக்கொண்டிருந்தவர். அந்த ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். எத்தனையோ சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

காபிப் பழம் பறிக்கிற பருவம் தொடங்கியதிலிருந்து லைன் விழ ஆரம்பித்தது. தினமும் இல்லை. ஆனால் விழுந்தால் மூட்டைகள் வரிசை கட்டி நிற்கிற நேரம் பார்த்துத்தான் விழும். திரை அப்படியே உறைந்துவிடும். பாதி ஏறிய எடை போச்சா வந்துச்சா என்று தெரியாது. ஒரு தடவை ஒரே மூட்டை இரண்டு தடவை ஏறிவிட்டது. இன்னொரு தடவை ஏறவே இல்லை. அக்கா டிப்போவைப் பூட்டிக்கொண்டு மேட்டு டீக்கடைக்கு ஓடி, அங்கிருந்த போனில் என்னைக் கூப்பிடுவார். நான் வந்து போனை எடுத்து, திரையைப் பார்ப்பதற்குள் லைன் திரும்பி வந்திருக்கும். எப்போது பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கும். டாக்டர் வந்ததும் பல்வலி நின்றுபோகிற கதை.

"அந்தப் பொண்ணு என்னமோ நோண்டுது கண்ணு," என்றார் எங்கள் மேனேஜர்.

மேனேஜர் அடிவாரத்துக்காரர். ஐம்பது வயது தாண்டியவர். தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி வந்து கடைசி பஸ்ஸில் இறங்குவார். நேர்மையானவர், ஆனால் மகா சிக்கனம். ஒரு பேப்பரில் நாலு பக்கம் இருந்தால் நாலிலும் எழுதியிருப்பார். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் ஓடவிட்டவர் பெயரைக் கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போகமாட்டார். அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் எதுவும் கிடையாது. செம்மநத்தத்தில் ஒரு விவசாயி வீட்டுப் பெண் அதை இயக்குகிறாள் என்பதில்தான் நம்பிக்கை இல்லை.

ஒரு புதன்கிழமை அவர் தீர்ப்புச் சொன்னார். "நொம்ப நாள் பாத்தாச்சு கண்ணு. சனிக்கெழம வேன் போகுது. கம்ப்யூட்டரை ஏத்திட்டு வந்துரும். டிப்போவை மூடிக்கலாம். சேலத்துலயும் சரின்னுட்டாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மறுநாள் காலையில் முதல் வேலையாக செம்மநத்தம் பஸ் ஏறினேன்.

நான் போன நாள் பார்த்து வானம் பளிச்சென்று இருந்தது. லைன் ஒரு பொட்டு ஆடவில்லை. அக்காவுக்கு விஷயம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தவர், வா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஏனுங்க மேடம், வேலை போனா போகுதுங்க. என்ற தோட்டத்துலயே பழம் பறிச்சுக்குவேன். ஆனா, மெசினைக் கெடுத்துப்போட்டவன்னு பேரு வாங்கீட்டு இந்த ஊருக்குள்ள எப்புடிங்க நடக்கறது? நாளைக்கு இந்த ஊர்ல ஒரு புள்ள கம்ப்யூட்டர் படிக்கப் போறேன்னா, அவளாட்டம் நீயும் ஆயிருவேன்னு சொல்ல மாட்டாங்களா?"

அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை அந்த மெஷின் வேனில் ஏறினால், அவர் பெயரும் அதோடு ஏறிப் போய்விடும்.

"லைன் விழறப்ப என்னக்கா பண்ணுவீங்க?"

"என்ன பண்றதுங்க? கும்புட்டுட்டு நிப்பேன்."

அப்போதுதான் பிங் பற்றிச் சொன்னேன். அது ஒரு சின்னக் கருவி. இந்த மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு, இருக்கியா என்று ஒரு குரல் கொடுக்கும். அந்த மெஷின் இருக்கேன் என்று சொன்னால் ஒரு வரி திரையில் வரும். அடுத்த விநாடி மறுபடி கேட்கும். அதற்கு ஒரு அண்ணன் உண்டு. அது போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு மெஷினையும் வரிசையாகக் காட்டி, எதற்கு அப்பால் வழி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். பதில் வராத இடத்தில் நட்சத்திரக் குறி போடும். "நீங்களே பாருங்கக்கா," என்று அவருடைய பெயரிலேயே அடிக்கச் சொன்னேன்.

அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அண்ணனை அடித்தார். அதற்கும் அனுமதி இல்லை.

ரூட் என்ற பெயரில் நுழைகிறவருக்கு மட்டும்தான் இந்தக் கருவிகள் வேலை செய்யும் என்று அப்போது விளங்கியது. ரூட் என்றால் மெஷினுக்குள் எல்லாம் செய்ய அதிகாரம் உள்ள பெயர். எந்தக் கோப்பையும் அழிக்கலாம், எந்த ஆளையும் நீக்கலாம். அந்தப் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். நானோ லைன் விழுகிற நேரத்தில் செம்மநத்தம் பக்கம் இருந்ததே இல்லை.

அக்கா திரையைப் பார்த்தார், பிறகு மூலையில் இருந்த தராசைப் பார்த்தார்.

அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் மூட்டை கொண்டுவருகிறவர் மூட்டையை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் தராசைப் பார்ப்பார். முள் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்து, "நிக்குதுங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் எடை. இதை யாரும் சந்தேகமாக எடுத்துக்கொள்வதில்லை. மேனேஜரே வந்து நின்றாலும் பார்க்கத்தான் செய்வார்கள்.

"குடோன் சாவி எனக்கு வேண்டாமுங்க," என்றார் அக்கா. "முள்ளு சைபர்ல நிக்குதான்னு பாக்கறதுக்குமா மேடம் எனக்கு உரிமை இல்லை?"

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை மென்றுகொண்டே வந்தேன். ரூட் பாஸ்வேர்டை அக்காவிடம் கொடுத்துவிட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது கொத்துச் சாவியைத் தூக்கிக் கொடுப்பது. அவர் தப்பாக ஒன்றும் செய்யமாட்டார். ஆனால் ஒரு எழுத்து தவறி விழுந்தால், நோண்டினாள் என்ற பெயர் நிஜமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போனதும் மெஷினோடு வந்த தடிப் புத்தகங்களைக் கீழே இறக்கினேன். பிரித்தே பார்க்காத புத்தகங்கள், பூஞ்சை வாசனை அடித்தது. அதில் இருந்தது வழி. ஒரு கருவியின் கோப்பின் மேல் ஒரு குறி போட்டு வைக்கலாம். அந்தக் குறி இருந்தால், யார் அந்தக் கருவியை ஓட்டினாலும், ஓடுகிற நேரம் மட்டும், அந்தக் கருவிக்கு மட்டும், ரூட்டின் அதிகாரம் கிடைக்கும். ஓட்டி முடித்ததும் அதிகாரமும் போய்விடும். அதிலும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டாம் என்றால் ஒரு குரூப் அமைத்து, குரூப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். படித்ததும் என் கை பரபரத்தது. இது அப்படியே வெறும் தராசு!

மெஷினை விற்ற கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டேன். பொதுவாக அந்தக் குறி போட்டேதான் மெஷின் வரும் என்றும், பாதுகாப்புக்காகத் தானே அதை எடுத்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். "சாதாரண யூசருக்கு அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அடுத்து மேனேஜர்.

"அதிகாரத்தைத் தூக்கிக் குடுக்கறதுன்னா சேலத்துல கேக்கோணும் கண்ணு," என்றார்.

"அதிகாரம் இல்லைங்க சார். பாக்கற உரிமை. நம்ம டிப்போல வெறும் தராசைப் பாக்கக்கூடாதுன்னு எந்த விவசாயிகிட்டயாவது சொல்ல முடியுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சனிக்கெழம வேன் போறதுல மாத்தமில்லை," என்றார் கடைசியில். "அதுவரைக்கும் என்னமோ பண்ணிக்க."

எனக்கு அது போதும். ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஏற்காட்டிலிருந்தபடியே லைன் வழியாக செம்மநத்தம் மெஷினுக்குள் ரூட்டாக நுழைந்தேன். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்திலிருந்து மூடுபனி, எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சு, ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சு ஏறினால் பல நாள் லைன் விழுகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஈரம் ஏறிய கம்பி என்று நினைத்துக்கொள்வோம். சீக்கிரம், சீக்கிரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடித்தேன். லைன் என்ற பெயரில் ஒரு குரூப். அதில் அக்காவின் பெயர். பிறகு நாலு ஏழு ஐந்து சைபர் என்று கருவியின் மேல் குறி. அந்த நாலில்தான் சமாசாரமே இருக்கிறது. பிறகு அந்தக் கோப்பை லைன் குரூப்புக்கு உரிமையாக்கினேன். முடிந்தது! டீக்கடைக்குப் போன் போட்டு அக்காவுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன்.

களத்தில் மணி அடித்தது.

மணி என்றால் மரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. மழையோ மஞ்சோ வருகிறது என்றால் காவல்காரர் அதை அடிப்பார். அடித்ததும் ஆபீஸில் இருக்கிற அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடிக் காபியைக் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மேனேஜர், டைப்பிஸ்ட், நான், யாருக்கும் விலக்கு இல்லை. ஈரம் பட்டால் வாரக்கணக்காகக் காயவைத்தது வீண். ஓடாமல் நிற்கிறவர் முகத்தில் அந்த ஆபீஸில் யாரும் முழிக்கமாட்டார்கள். நான் எப்போதும் முதலில் ஓடுகிற ஆள். அன்றும் ஓடினேன்.

நனைந்து திரும்பியபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அனுமதி இல்லைன்னேதானுங்க வருது மேடம்," என்றார் அக்கா.

சப்பென்று ஆகிவிட்டது. தலையைத் துவட்டாமல் புத்தகத்தைப் புரட்டினேன். பொடி எழுத்தில் இருந்தது. உரிமையை மாற்றினால், முன்பு போட்ட குறியைப் பாதுகாப்புக்காக சிஸ்டம் தானே அழித்துவிடுமாம். நான் குறியைப் போட்டுவிட்டு உரிமையை மாற்றியிருக்கிறேன். முதலில் உரிமை, பிறகுதான் குறி! சட்டை போட்டுக்கொண்டு பனியனைத் தேடின மாதிரி. நான் களத்தில் இருந்தபோது விழுந்த லைன் திரும்பி வந்திருந்தது. மறுபடி நுழைந்தேன். இந்த முறை வரிசை மாறாமல் அடித்து, கருவியின் உரிமை வரியைப் பார்த்தேன். குறி நின்றது. பிங், அதன் அண்ணன், இரண்டின் மேலும் நின்றது. என் மெஷினிலும் அதையே செய்துவிட்டு, ரூட்டிலிருந்து வெளியே வந்து, சாதாரண ஆளாக நுழைந்து, வாழவந்தியைக் கூப்பிட்டேன்.

பதில் வந்தது. அடுத்த வரி. அடுத்த வரி. ரூட் இல்லாமல், வெறும் என் பெயரில்! நான் குதித்ததும் நாற்காலி விழுந்ததும் அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் போன். "வருதுங்க மேடம்! வரி வரியா வருதுங்க! ஏற்காடு இருக்கேங்குது, வாழவந்தி இருக்கேங்குது!" அக்கா மூச்சு வாங்க மேட்டில் ஓடி வந்திருக்க வேண்டும். அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

"லைன் விழுந்தா உடனே அண்ணனை ஓட்டுங்கக்கா. எங்க நட்சத்திரம் வருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

சனிக்கிழமை விடிந்ததே மூட்டமாக. வேன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் கம்ப்யூட்டர் ஆடாமல் இருக்கப் பழைய கம்பளி இரண்டை எடுத்துப் பின்னால் விரித்துக்கொண்டிருந்தார். மஞ்சு கலையட்டும், புறப்படலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் திரையில் வாழவந்திக்குப் பிங் ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று இடியே விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

மணி அடித்தது.

எல்லாரும் ஓடினார்கள். டைப்பிஸ்ட் கதவருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார். கடைசியாக மேனேஜர். வழக்கமாக அவர்தான் கடைசி. அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்.

"ஏங்கண்ணு, களத்துக்கு வரலியா?"

"வரலைங்க சார்."

நான் வேலைக்குச் சேர்ந்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் முகம் சுருங்கிவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே திரும்பினார். திரும்புகிற போக்கில், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும், கை அதுபாட்டுக்குப் போய் கதவோரத்து ஸ்விட்சைத் தட்டியது.

லைட் அணைந்தது. என் மெஷின் யூபிஎஸ்ஸில் இருந்ததால் திரை மட்டும் ஒளிர்ந்தது. திரையில் வரிகள் நின்றுவிட்டன.

நான் திரையைப் பார்த்தேன். ஸ்விட்சைப் பார்த்தேன். அதிலிருந்து இறங்குகிற ஒயரைப் பார்த்தேன். அது பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்தது. பீரோவை ஒரு தள்ளுத் தள்ளி எட்டிப் பார்த்தால், வாழவந்தி லைனை என் மெஷினோடு இணைக்கிற மோடம் பெட்டி அங்கே ஒரு விளக்குகூட எரியாமல் கிடக்கிறது. யூபிஎஸ்ஸில் இடம் இல்லை என்று யாரோ அதை லைட் போர்டில் சொருகியிருக்கிறார்கள். லைட்டுக்கும் அந்தப் பிளக்குக்கும் ஒரே ஸ்விட்ச். பருவம் பூராவும் மஞ்சு வந்தால் மணி, மணி அடித்தால் ஓட்டம், ஓட்டத்தில் கடைசி ஆள் ஸ்விட்சை அணைப்பார். திரும்பி வந்து லைட்டைப் போட்டால் மோடமும் எழுந்துகொள்ளும்.

"சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசல்படி இறங்கியவர் திரும்பி ஓடி வந்தார். ஒயரையும் மோடத்தையும் காட்டி அவருக்குக் கதை முழுக்கச் சொல்லி முடித்தபோது போன் அடித்தது.

"மேடம்! வாழவந்தி பதில் சொல்லுதுங்க! அதுக்கு அப்பாலதான் நட்சத்திரம் நட்சத்திரமா வருது. என்ற மெசினும் நல்லாருக்கு, என்ற லைனும் நல்லாருக்கு. ஏற்காடுதானுங்க பேச மாட்டேங்குது!"

போனை மேனேஜர் காதில் வைத்தேன். "அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க," என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். அவர் சொன்னார். மேனேஜர் கேட்டார். இருட்டில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"லைட்டைப் போடுங்க சார்," என்றேன்.

போட்டார். பீரோவுக்குப் பின்னால் மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, அடங்கியது. கொஞ்சம் பொறுத்துத் திரையில் வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின.

மேனேஜர் சாதாரணமாக நம்புகிற ஆள் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான். "இன்னொருக்கா பாக்கலாம்," என்றார். அக்கா போனை, கூடவே வந்திருந்த தன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு டிப்போவுக்கு ஓடினார். டிப்போவுக்கும் டீக்கடைக்கும் நடுவில் மூட்டையோடு நின்ற விவசாயிகள் வரிசையாக நின்றுகொண்டார்களாம். மேனேஜர் ஸ்விட்சை அணைத்தார். அங்கே அக்கா திரையைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் வாய் மாற்றி ஒருவராகக் குரல் மேடேறி வந்து, போனில் கேட்டது: "போயிருச்சுங்கோ!" லைட்டைப் போட்டார். மோடம் கத்தி அடங்கியது. தூரத்தில் ஒரு குரல், அப்புறம் கிட்டத்தில் ஒரு குரல், அப்புறம் காதுக்குள்: "வந்துருச்சுங்கோ!" பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். மறுபடி அணைத்தார். "போயிருச்சுங்கோ!" போட்டார். "வந்துருச்சுங்கோ!" எனக்கு சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. களத்திலிருந்து நனைந்து வந்தவர்கள், மேனேஜர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பதையும் நான் போனில் ஆடுவதையும் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் என்ன ஆயிற்று என்று வாயைப் பிளந்து நின்றார்கள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷன், ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல் அதிலிருந்து இறங்குகிற ஒயரைப் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கம்பளியை எடுத்துப் போடப்பா. காலிச் சாக்கு ஏத்து. செம்மநத்தத்துல மூட்டை நிக்குது."

பிறகு அவரே உள்ளே வந்து, என் மேஜையிலிருந்த தடிப் புத்தகத்தின் அட்டையை ஒரு ஓரமாகக் கிழித்து, ஸ்விட்ச் மேல் ஒட்டி, தொடக்கூடாது என்று எழுதினார். அதற்கும் புது பேப்பர் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். மூன்று கால் நாற்காலியில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"அந்தக் குரூப்புல மேனேஜர் சேர முடியுமா கண்ணு?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பெயரைச் சேர்த்தேன். முதலில் உரிமை, பிறகு குறி என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அதெல்லாம் வேண்டாம், செம்மநத்தத்தை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் சொல்லு என்றார். அவருடைய மேஜையில் டைப்பிஸ்டுக்கென்று வாங்கி என் மெஷினோடு இணைத்த டெர்மினல் ஒன்று சும்மா கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வரி வந்ததும் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எப்படி நிறுத்துவது என்று கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் பஸ் இறங்கி வந்ததும், டீ குடிப்பதற்கு முன்னால், அது அவருடைய முதல் வேலையாகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அக்கா போன் செய்தார். லைன் விழவில்லை, எடையும் தப்பவில்லை. வேறு விஷயம்.

"ஏனுங்க மேடம், தெனமும் விடிஞ்சதும் விடியாததுமா மோடம்ல லைட்டு மினுக் மினுக்குங்குது. நான் ஒண்ணும் அனுப்பறதில்லை. ஆரோ என்ற மெசினைக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க."

"மேனேஜருங்கக்கா," என்றேன்.

டீக்கடையில் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது.

"கூப்புடட்டுமுங்க," என்றார் அக்கா. "பதில் போய்ட்டுத்தான இருக்குது."